நாரையைத் தூக்கிக் காட்டியவர்

நம் வயதுக்காரர்கள் நாலுபேர் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சு கடைசியில் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு பெரியவர்கள் இருந்தார்கள், எது வந்தாலும் அவர்களுக்கு ஒரு வழி தெரிந்திருந்தது என்பீர்கள். நானும் இத்தனை காலம் தலையை ஆட்டிக்கொண்டுதான் இருந்தேன். இனி ஆட்டப்போவதில்லை. எண்பது கடந்துவிட்டது. கோபத்தை உள்ளே வைத்துக்கொண்டு போய்ச்சேர எனக்கு விருப்பமில்லை. எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என்ன தெரிந்திருந்தது என்பதை ஒரு கார்த்திகை மாதத்தை வைத்துச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் வேறு மாதிரி இருந்திருக்கலாம். இருந்திருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. நம் பக்கம் இன்னும் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம். சுசீந்திரத்துக்கும் தேரூருக்கும் நடுவில் எங்கள் ஊர். பின்கதவைத் திறந்தால் மாட்டுத்தொழுவம், எருக்குழி, நாலு தென்னை, அதைத் தாண்டினால் வயல். அப்பாவுக்கு வயலைத் தவிர வேறொன்றும் தெரியாது. அவருடைய தம்பி, எங்கள் சித்தப்பா, நாகர்கோவிலில் ஒரு சர்க்கார் கச்சேரியில், ஆபீஸ் என்பீர்களே அதில், எழுத்து வேலையில் இருந்தார். எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள். மலையாளத்தில் மனு எழுதுவார். கையில் கடிகாரம் கட்டியிருப்பார். அவர் சாப்பிட உட்கார்ந்தால் அண்ணனான அப்பாவே குரலைத் தாழ்த்திக்கொள்வார். அம்மா அவர் முன்னால் வாய்திறந்து நான் பார்த்ததில்லை. எனக்கு ஒரு தங்கை, நாலு வயது. யார் கூப்பிட்டாலும் போவாள். எதை நீட்டச் சொன்னாலும் நீட்டுவாள்.

அந்தக் கார்த்திகையில் சித்தப்பாவுக்குக் கல்யாணம் பேசி முடிந்திருந்தது. பெண்வீட்டார் பெரிய இடம். வியாழக்கிழமை அவர்கள் வந்து வீட்டைப் பார்த்து, வெற்றிலை மாற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு. அந்த வியாழனை விட்டால் மார்கழி பிறந்துவிடும்; தை வரைக்கும் எதுவும் செய்ய முடியாது. ஆகவே வீடு முழுவதும் சுண்ணாம்பு வாசனை. மழை ஓயாததால் அடித்த சுண்ணாம்பு காயாமல், சாய்ந்தவர்கள் முதுகிலெல்லாம் ஒட்டியது. தங்கையின் பாவாடையில் எப்போதும் வெள்ளைத் திட்டு இருக்கும்.

முந்தின ஞாயிறு அன்று சித்தப்பாவின் கச்சேரிச் சிநேகிதர்கள் மூன்று பேர் துப்பாக்கியோடு வந்தார்கள். பெரியகுளம் நிறைந்து கிடந்தது. தூர தேசத்துப் பறவைகள் வந்து இறங்கியிருந்த சமயம். சித்தப்பா அவர்களைக் குளத்தங்கரைக்குக் கூட்டிப்போனார். மத்தியானம் வரை வெடிச்சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு வெடிக்கும் வானத்தில் ஒரு கூட்டம் எழும்பிச் சுற்றிவிட்டு அடங்கும். போகும்போது நாலைந்து தாரா வாத்துகளைக் கழுத்தில் கயிறு கட்டிச் சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு போனார்கள். எங்கள் வீடு சைவம் என்பதால் வாசலுக்கு வராமல் ரோட்டோடே போய்விட்டார்கள். அதை எவ்வளவு பெரிய மரியாதை என்று அப்பா இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வரப்பு வழியாக வந்தேன். நெல் முழங்கால் உயரம் நின்றது. அதற்குள் ஏதோ அசைந்தது. பாம்பு என்று நினைத்து நின்றேன். நீளமான சாம்பல் நிறக் கழுத்து ஒன்று மெல்ல எழும்பியது. நாரை. என் நெஞ்சு உயரம் இருக்கும். கண்ணுக்கு மேலே கறுப்புக் கோடு, மஞ்சள் மூக்கு, மஞ்சள் கண். ஒரு சிறகு தொங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. அது என்னைப் பார்த்துக் கழுத்தைப் பின்னால் இழுத்து வளைத்தது. எனக்குப் பாவமாக இருந்தது. புத்தகப் பையை வரப்பில் வைத்துவிட்டுக் கையை நீட்டிக்கொண்டு இறங்கினேன்.

"நில்லு பிள்ளே. கிட்டப் போவாதே."

எங்கள் வயல்களில் நண்டு பிடிக்கிற பெண். நாங்கள் நண்டுக்காரி என்றுதான் சொல்வோம். அவளுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். நான் கேட்டதே இல்லை. இன்றைக்கு அதை நினைத்தாலும் எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வருகிறது. அவள் சேற்றில் சத்தமில்லாமல் பக்கவாட்டாக நடந்து வந்து, தோளில் கிடந்த ஈரத்துண்டை நாரையின் தலைமேல் வீசினாள். தலை மூடியதும் அது அப்படியே நின்றுவிட்டது. முதலில் மூக்கைப் பிடித்தாள். பிறகு சிறகுகளைச் சேர்த்து அணைத்தாள். ஒரு இறகு கூட உதிரவில்லை.

"இது கையைக் காலைக் கொத்தாது, கேட்டியா. கண்ணைத்தான் பாக்கும். மினுங்குகதெல்லாம் மீனுன்னு நெனைச்சுக்கிடும்."

சிறகை விரித்து, விரலால் எலும்போடு தடவிப் பார்த்தாள். முறியவில்லை, சதையில்தான் பட்டிருக்கிறது என்றாள். இருட்டில் மூடி வைக்க வேண்டும், யாருக்கும் காட்டக் கூடாது, தொண்டைக்குள் எதையும் ஊற்றக் கூடாது, நாலைந்து நாள் சும்மா கிடந்தால் தானே எழும்பும் என்றாள். தானே கொண்டுபோய் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னாள்.

நான் கொடுக்கவில்லை. கொடுத்தால் குழம்பு வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். அதை அவள் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவள் கோபப்படவில்லை. மற்ற நாளென்றால் தின்பேன்தான், இது நீ கண்டெடுத்தது, தின்னமாட்டேன் என்றாள். நான் நம்பவில்லை. பத்து வயதில் எனக்குள் அந்த நினைப்பை யார் ஏற்றி வைத்தது? எங்கள் வீடுதான். அவள் தொட்டதைத் தண்ணீர் தெளித்து எடுக்கிற வீடு.

அவள் தன்னுடைய ஓலைக் கடவத்தில் இருந்த நண்டுகளை மடியில் கொட்டிக்கொண்டு, அதில் நாரையை வைத்து, மேலே சாக்கைப் போட்டுக் கட்டி, எங்கள் தொழுவம் வரை சுமந்து வந்தாள். அதற்கு மேல் அவள் வரக் கூடாது. அங்கே நின்றே அம்மாவிடம் எல்லாவற்றையும் இன்னொரு முறை சொன்னாள். அம்மா வைக்கோல் போடும் மூலையில் கடவத்தை வைத்து, தலையை ஆட்டினாள். அம்மா செய்ய நினைத்தது அதுதான். ஒரு மணி நேரம் அந்தப் பறவைக்கு நிம்மதி இருந்தது.

அப்பா வந்தார். பறவை பட்டினி கிடக்கக் கூடாது, பாவம் வந்து சேரும் என்றார். சாக்கை அவிழ்த்தார். சைவ வீட்டில் மீனுக்கு எங்கே போவது? பசும்பாலில் பழைய சோற்றைக் கரைத்து, குழந்தைக்கு மருந்து புகட்டுகிற பாலாடையால் அதன் தொண்டைக்குள் ஊற்றினார். நாரைக்குப் பால். அது இருமியது; மூக்கின் ஓட்டை வழியாகப் பால் வந்தது. பிறகு நல்லெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துச் சிறகு முழுக்கப் பூசினார். இறகெல்லாம் கட்டிப் பிடித்து, மழையில் நனைந்த துடைப்பம் மாதிரி ஆயிற்று. அதன்பிறகு வேட்டியைக் கிழித்து, சிறகையும் நெஞ்சையும் சேர்த்து இறுக்கிக் கட்டினார். அது மூச்சுக்கு வாயைத் திறந்து திறந்து மூடியது. அது தனக்கு நன்றி சொல்கிறது என்று அப்பா சொன்னார். அப்பா கெட்டவர் இல்லை. ஒரு எறும்பைக்கூட மிதிக்காதவர். ஆனால் தெரியாது என்ற ஒரு சொல் அவர் வாயில் வரவே வராது. கெட்டவர்களை வெறுத்துவிட்டுப் போகலாம். இப்படிப்பட்ட நல்லவர்களை என்ன செய்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

சாயங்காலம் சித்தப்பா வந்தார். கண்டதும் துள்ளிக்கொண்டு, இது நாங்கள் சுட்டதுதான் என்றார். மூடி வைத்தால் மூச்சுமுட்டிச் சாகும் என்று சொல்லி, கடவத்தைக் காலால் தள்ளிவிட்டு, நாரையின் காலில் கயிறு கட்டித் தென்னையில் முடிந்தார். தெருப்பிள்ளைகள் எல்லாரும் வந்து பார்த்தார்கள். நாய்கள் வந்தன. அது போகவும் முடியாமல் ஒளியவும் இடமில்லாமல் ஒற்றைக்காலில் நின்றது.

போன வருடம் நாகர்கோவிலில் மகள் வீட்டில் இருந்தேன். எதிர்வீட்டுப் பெண், கல்லூரியில் படிக்கிறவள், சன்னல் கண்ணாடியில் மோதி விழுந்த ஒரு மீன்கொத்தியை எடுத்தாள். ஒரு பழந்துணியைப் போட்டு எடுத்து, செருப்பு வாங்கின அட்டைப்பெட்டியில் நாலு ஓட்டை போட்டு, அதில் வைத்து மூடி, மாடிப்படிக்கு அடியில் இருட்டில் வைத்தாள். தண்ணீர் கொடுக்கவில்லையா என்று கேட்டேன். கொடுக்கக் கூடாதாம் பாட்டி, புரையேறிவிடும், பேசாமல் விடவேண்டுமாம் என்றாள். வனத்துறைக்குப் போன் செய்து சொல்லியும் வைத்தாள். அவர்கள் வருவதற்குள் அது பெட்டிக்குள் படபடவென்று அடித்தது. திறந்துவிட்டாள், பறந்து போயிற்று. அந்தப் பெண் சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நண்டுக்காரி சேற்றில் நின்று சொன்னதும் இதுவும் ஒன்றுதான். ஒரு சொல் கூட மாற்றமில்லை.

நாரை கிடைத்த மறுநாள், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சித்தப்பா தன் சிநேகிதர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். சுட்டது உயிரோடு இருக்கிறது, வந்து பாருங்கள் என்று கச்சேரியில் சொல்லியிருக்கிறார். வரும் வழியில் வடசேரிச் சந்தையில் வாழையிலைப் பொதியில் கொஞ்சம் பொடிமீன் வாங்கி வந்திருந்தார்கள். மீன் வாடை வீட்டுக்குள் வரக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பா முன்பக்கம் போய்விட்டார். அம்மா அடுக்களையில் அவர்களுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள்.

சித்தப்பா அப்பா கட்டின கட்டை அவிழ்த்தார். நாரையின் பின்னால் நின்று, இரண்டு கையாலும் இரண்டு சிறகையும் பிடித்து விரித்துத் தூக்கினார். ஒரு ஆள் கையை விரித்த அகலம் இருந்தது. சிநேகிதர்கள் ஓ என்றார்கள். அதில் ஒருவர், கையிலிருந்து மீன் வாங்கித் தின்னுமா என்று கேட்டார். தின்னும், நன்றாகப் பழகிவிட்டது என்றார் சித்தப்பா. ஒரு நாள் தூணில் கட்டின திருடனைப் போல நின்றதைத்தான் பழகிவிட்டது என்றார்.

நண்டுக்காரி தன் கடவத்தைக் கேட்டு வாங்க வந்தவள், தொழுவத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏமானே, அது மூக்கைப் பிடிங்க. பிள்ளையள கிட்ட விடாதீங்க," என்றாள்.

சிநேகிதர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சித்தப்பாவின் முகம் சிவந்தது. அவர்கள் முன்னால் ஒரு நண்டுக்காரி தனக்குச் சொல்லிக்கொடுப்பதா? வந்த சோலியைப் பார்த்துக்கொண்டு போ என்றார். அவள் போகவில்லை, ஆனால் அதற்குமேல் பேசவும் இல்லை.

சித்தப்பா என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, இங்க வா. இந்த மீனை அதுக்கு நீட்டு."

"நான் மாட்டேன்," என்றேன்.

இதைச் சொல்லியே ஆகவேண்டும். நான் மாட்டேன் என்று சொன்னேனே தவிர, கண்ணைக் கொத்தும் என்று சொல்லவில்லை. நண்டுக்காரி சொன்னது ஒவ்வொரு சொல்லும் எனக்கு ஞாபகம் இருந்தது. இருந்தும் சொல்லவில்லை. சித்தப்பாவுக்கு எதிரே ஒரு சொல்லுக்குமேல் பேசுகிற தைரியம் எங்கள் வீட்டில் எந்தப் பெண்ணுக்கும் இல்லை. பயந்தாங்கொள்ளி என்று சிரித்துவிட்டு அவர் தங்கையைக் கூப்பிட்டார். அவள் ஓடிப்போனாள். என் பக்கமாகத்தான் ஓடினாள். கையை நீட்டியிருந்தால் பாவாடையைப் பிடித்திருக்கலாம்.

மீனை இரண்டு விரலால் வாலைப் பிடித்துக்கொண்டு, தலையை அண்ணாந்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றாள். நாரையின் கழுத்து பின்னால் போனதை நான் பார்த்தேன். அவ்வளவுதான் பார்த்தேன். கண்ணிமைக்கிற நேரம்கூட ஆகவில்லை. மீன் அவள் கையிலேயே இருந்தது.

அவள் அழவில்லை. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு என்னிடம் வந்து, "அக்கா, கண்ணுல தண்ணி வருது," என்றாள்.

அதற்குப் பிறகு சித்தப்பா செய்த முதல் காரியம் குழந்தையைத் தூக்கியதல்ல. நாரையின் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துத் துணி துவைக்கிற கல்லில் அடித்தார். மூன்று தடவை அடித்தார். அது செத்தது முதல் அடியிலேயே. சிநேகிதர்கள் சொல்லிக்கொள்ளாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா காப்பித் தம்ளர்களோடு பின்வாசலில் வந்து நின்றாள்.

கண்ணில் ஒரு சின்னப் புள்ளிதான் தெரிந்தது. முள் குத்தினது போல. வைத்தியர் வந்து பார்த்தார். நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிப் பிழிந்த சாறும் தாய்ப்பாலும் விட்டால் மூன்று நாளில் மாறிவிடும் என்றார். பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றவளிடம் பாலை ஒரு சங்கில் வாங்கி வந்து விட்டார்கள். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்று அம்மா அப்பாவிடம் கேட்டாள். அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். இப்போது ஆஸ்பத்திரி என்று கிளம்பினால் ஊரெல்லாம் தெரியும், பெண்வீட்டுக்காரர்கள் சகுனம் சரியில்லை என்று தள்ளிப்போடுவார்கள், தள்ளிப்போட்டால் மார்கழி, அதற்குப்பிறகு மனசு மாறினாலும் மாறும் என்றார் சித்தப்பா. வியாழன் கழியட்டும் என்று முடிவாயிற்று. வைத்தியரும் அதற்கு ஒத்துக்கொண்டார். எல்லாரும் பெரியவர்கள். எல்லாரும் யோசித்துத்தான் முடிவெடுத்தார்கள்.

புதன்கிழமை கண் வீங்கி மூடிக்கொண்டது. மேல் காய்ச்சலில் கொதித்தது.

வியாழன் காலையில் தங்கையையும் என்னையும் நெல் போடுகிற அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். அவள் சத்தம் வெளியே கேட்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒரு கிண்ணத்தில் முந்திரிக்கொத்து வைத்திருந்தார்கள். நெல் வாசனை, இருட்டு, அவள் மூச்சின் சூடு. முனகினால் நான் அவள் வாயைக் கையால் பொத்தினேன். ஆமாம், பொத்தினேன். கதவுக்கு அந்தப் பக்கம் சிரிப்பும் தாம்பாளச் சத்தமும் கேட்டது. பெண்வீட்டு அம்மாள் ஒருத்தி, சின்னப்பிள்ளை ஒன்று உண்டு என்றார்களே, எங்கே என்று கேட்டாள். பாட்டி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னது அம்மாவின் குரல். அதைச் சொல்லும்போது அம்மா கதவுக்கு அருகில்தான் நின்றிருக்க வேண்டும். அவ்வளவு தெளிவாகக் கேட்டது. தங்கை அதைக் கேட்டு, "அம்மை பொய் சொல்லுகா," என்றாள் என்னிடம்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அம்மா தங்கையின் இமையை விரலால் பிரித்துப் பார்த்தாள். என்ன பார்த்தாள் என்று சொல்லவில்லை. உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். என்னிடம் இரண்டு பாவாடையைத் துணியில் முடிந்து எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அப்பா தடுத்தார். தம்பிக்குப் பெரியாஸ்பத்திரியில் ஆள் தெரியும், சாயங்காலம் வந்ததும் ஒரு சிபாரிசு எழுத்து வாங்கிக்கொண்டு நாளைக்குப் போகலாம் என்றார்.

"எனக்கு எழுத்து வேண்டாம். எம் பிள்ளைக்குக் கண்ணு வேணும்," என்றாள் அம்மா.

கோயிலுக்கும் தாய்வீட்டுக்கும் தவிர எங்கேயும் தனியாகப் போகாதவள். தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு மழைத்தூறலில் நடந்தாள். நான் மூட்டையோடு பின்னால் ஓடினேன். சுசீந்திரத்தில் பஸ் ஏறினோம். ஆஸ்பத்திரியில் பலகைகள் மலையாளத்தில் இருந்தன. பள்ளிக்கூடத்தில் எனக்கு அந்த எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு பலகையாகக் கூட்டிக் கூட்டி வாசித்துக் கண் வைத்தியப் பகுதியை நான்தான் கண்டுபிடித்தேன். ஒரு பெண் டாக்டர். பார்த்த உடனே அவர் கை நின்றுவிட்டது. எத்தனை நாள் ஆயிற்று, ஏன் அன்றைக்கே கொண்டுவரவில்லை என்று மலையாளமும் தமிழுமாகக் கேட்டார்.

அம்மா அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "வீட்டுல ஒரு நல்ல காரியம் இருந்துது, டாக்டரம்மா."

குத்தினது சின்னக் காயம்தான், உள்ளே பழுத்துவிட்டது, விட்டுவைத்தால் மற்றக் கண்ணும் போய்விடும் என்றார்கள். மறுநாள் இடது கண்ணை எடுத்தார்கள். பன்னிரண்டு நாள் அம்மா அந்தக் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்துக்கிடந்தாள். சித்தப்பா ஒரே ஒரு தடவை வந்தார், ஞாயிற்றுக்கிழமை, குடையோடு. வார்டு முழுக்கக் கேட்கும்படி அழுதார். நம் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் அன்று அங்கே வேறு யாரையோ பார்க்க வந்திருந்தார்கள். அவர்கள் ஊருக்குப் போய்ச் சொன்ன கதையில், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினது சித்தப்பா. அந்தக் கதையை அவர் ஒருநாளும் மறுக்கவில்லை. கொஞ்ச நாளில் அவரே அப்படித்தான் சொல்ல ஆரம்பித்தார்.

நாங்கள் திரும்பி வந்தபோது குற்றவாளியைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். அறிவில்லாத குழந்தையிடம் கொத்துகிற பறவையைப் பிடித்துக் கொடுத்தவள் நண்டுக்காரி. அப்பா, சித்தப்பா, இன்னும் இரண்டு வயல்காரர்கள் இருக்கும்போது என்னைக் கூப்பிட்டு, பறவையை உன்னிடம் தந்தது அவள்தானே என்று கேட்டார்கள். அவள் கடவத்தில் வைத்துச் சுமந்து வந்தாள் என்பது உண்மைதானே? நான் ஆமாம் என்றேன். அவர்கள் அதற்குமேல் எதையும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அதோடு அவள் எங்கள் ஊர் வயல்களில் இறங்கக் கூடாது என்று ஆயிற்று. அவளுடைய கடவம் எங்கள் தொழுவத்திலேயே கிடந்தது. அப்பா அதை எருக்குழியில் எறிந்தார். அவள் பேச்சிப்பாறைப் பக்கம் தோட்ட வேலைக்குப் போய்விட்டதாகச் சில மாதம் கழித்து யாரோ சொன்னார்கள். நான் அவளைப் பிறகு பார்க்கவில்லை.

சித்தப்பாவின் கல்யாணம் தை மாதம் நன்றாக நடந்தது. கல்யாணப் படத்தில் தங்கை இல்லை. படம் எடுக்கும்போது அவளை உள்ளே போய்த் தண்ணீர் எடுத்துவரச் சொன்னார்கள்.

தங்கை வளர்ந்தாள். யாராவது இடது பக்கத்திலிருந்து கூப்பிட்டால் தலையோடு தோளையும் சேர்த்துத் திருப்புவாள். அவளோடு நடந்தால் நான் எப்போதும் அவளுக்கு இடது பக்கம்தான். பெண் பார்க்க வந்தவர்கள் எத்தனை பேர் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள் என்று எண்ணிப் பார்த்ததில்லை. முப்பத்துநாலு வயதில், மனைவியை இழந்து இரண்டு பிள்ளைகளோடு இருந்த ஒருவருக்குக் கொடுத்தார்கள். நல்ல மனிதர். அந்தப் பிள்ளைகளுக்கு அவள்தான் அம்மா. அவள் வாழ்க்கை கெட்டுப்போயிற்று என்று நான் சொல்லமாட்டேன். சொன்னால் அவளுக்கே பிடிக்காது. ஆனால் அவளிடம் இருந்து எடுத்ததை எடுத்தார்கள், எடுத்தவர் யார் என்று ஒருவரும் சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. சாகும்வரை சித்தப்பாவுக்கு நேரே அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்குச் சோறு போட்டிருக்கிறாள், தண்ணீர் வைத்திருக்கிறாள், பேசினதில்லை. அது மரியாதை என்று எல்லாரும் நினைத்தார்கள்.

சித்தப்பா எண்பத்திரண்டு வயது இருந்து போய்ச்சேர்ந்தார். பதினாறாம் நாள் அடியந்திரத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் போயிருந்தோம். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். பரிமாற ஆரம்பிக்கும் முன்னால் சொந்தக்காரர் ஒருவர் எழுந்து நின்று செத்தவரின் பெருமைகளைச் சொல்லத் தொடங்கினார். கச்சேரியில் எப்படி இருந்தார், ஊருக்கு என்ன செய்தார் என்று சொல்லிக்கொண்டு வந்தவர், எங்கள் பக்கம் கையைக் காட்டினார். இந்தப் பிள்ளையை நாரை கொத்தினபோது, தன் வெற்றிலை மாற்றுகிற நாளைக்கூடப் பார்க்காமல் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார், அதனால்தான் ஒரு கண்ணாவது மிஞ்சியது என்றார். எல்லாரும் தங்கையைப் பார்த்தார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

நான் இலைக்கு முன்னாலிருந்து எழுந்தேன். அவர் ஓடவில்லை என்று சொன்னேன். அவர்தான் நாரையைத் தூக்கிப் பிடித்தார், அவர்தான் பிள்ளையைக் கூப்பிட்டார், அவருடைய நல்ல காரியத்துக்காகத்தான் நெல்லறையில் போட்டுப் பூட்டினார்கள் என்றேன். சத்தமாகச் சொன்னேனா என்று தெரியவில்லை.

சித்தப்பாவின் மகன், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன், சாம்பார் வாளியோடு நின்றுகொண்டிருந்தான். அவன் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அப்பா போய்ப் பதினாறு நாள்தான் ஆகிறது அக்கா, இன்றைக்கு இது வேண்டுமா என்று மெதுவாகக் கேட்டான். இரண்டு பேர் என்னை உட்காரச் சொன்னார்கள். தங்கைக்காகவாவது பேசாமல் இரு, அவள் மனசு கஷ்டப்படும் என்றார்கள். நான் தங்கையைப் பார்த்தேன். அவள் தலையும் தோளும் சேர்த்து என் பக்கமாகத் திரும்பினாள். எனக்கு அப்போது அறுபது தாண்டியிருந்தது. அவளுக்கு ஐம்பத்தைந்துக்கு மேல். இந்த விஷயத்தை நாங்கள் இரண்டு பேரும் அதுவரை ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

"அவ சொல்லட்டும்," என்றாள் தங்கை எல்லாரிடமும். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "முதல்ல இருந்து சொல்லுக்கா. அம்மை என்னைத் தூக்கிக்கிட்டு நடந்ததையும் சொல்லு. அந்த நண்டுக்காரி சொன்னதையும் சொல்லு. அவ சொன்னது எனக்கும் கேட்டுது," என்றாள்.